பத்தொன்பது புள்ளி ஏழு

'போயி உறங்குங்க' என்றதிலா, 'நான் பாத்துக்கிடுதேன்' என்றதிலா, எதில் அந்த முள் இருக்கிறது என்று பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். இரண்டும் தேவநேசன் மத்தியானச் சாப்பாட்டில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், தட்டைப் பார்த்தபடியே சொன்னவை. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. இருபது வருஷமாகக் கூட வேலை செய்கிற மனுஷர், நாகர்கோவில்காரர், எதையும் முகத்துக்கு நேரே நீட்டி முழக்கிச் சொல்கிறவர், இன்றைக்கு மட்டும் எதற்காகத் தட்டில் கிடந்த கறிவேப்பிலையோடு பேசினார்? படுத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கல்வராயன் மலையில் காட்டுக்கு நடுவே இருக்கிற அந்த வானாய்வுக்கூடத்து விடுதியில் பகல்தான் ராத்திரி. இரவெல்லாம் தொலைநோக்கியடியில் உட்கார்ந்திருப்பவர்கள் பகலில் தூங்கியாக வேண்டும் என்று ஜன்னலுக்கு ஜன்னல் இரட்டைக் கறுப்புத் துணி தொங்கும். மெஸ்ஸில் சமைக்கிற பச்சையம்மாகூடக் குண்டானைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல்தான் கீழே வைப்பாள். ஆனாலும் இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு கீற்று வெயில் புகுந்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றது. தூங்கு, தூங்கு என்று பூங்கோதை தனக்கே சொல்லிக்கொண்டாள். மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கமில்லை. இன்று நாலாவது, எட்டரைக்கு மறுபடி ஏற வேண்டும். ஆனால் நான் தூங்கினால் யாருக்கு வசதி? அதை யோசிக்க வேண்டாமா? பாத்துக்கிடுதேன் என்றால் எதை? பார்க்க என்ன இருக்கிறது? எண் வந்தாயிற்று, இரண்டு முறை அளந்தாயிற்று, வந்த எண்ணை உலகத்துக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்படியென்றால் பார்த்துக்கொள்ளப்போவது அந்தச் சொல்கிற வேலையைத்தான். தலையணையைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கமும் சூடாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில், வானத்தில் எங்கோ ஒரு காமா கதிர் வெடிப்பு. பெரிய நட்சத்திரம் ஒன்று எழுநூறு கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த சேதி அப்போதுதான் வந்து சேர்ந்தது. துணைக்கோள் ஒன்று அதைப் பன்னிரண்டு விநாடி பார்த்துவிட்டு, இன்ன திசை என்று உலகத்திலிருக்கிற வெடிப்புக்காரர்கள் அத்தனை பேர் கைபேசிக்கும் சொல்லிவிட்டது. வெடிப்பு பன்னிரண்டு விநாடிதான். அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒரு பின்னொளி சில நாள் கிடந்து மங்கும், அடுப்பை அவித்த பிறகும் கரி கொஞ்ச நேரம் சிவந்து கிடப்பதுபோல. ராத்திரிக்கு ராத்திரி அந்த மங்கலை அளப்பதுதான் பூங்கோதையின் வேலை. இந்தத் தொழிலில் எண் கூடினால் ஒளி குறைச்சல். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் குழம்பிவிட்டுப் பிறகு பழகிக்கொள்வார்கள். திங்கள் இரவு பதினெட்டு புள்ளி ஒன்று. செவ்வாய் இரவு பத்தொன்பது புள்ளி ஒன்பது. நாளாக ஆக மங்குகிற வேகமும் குறையும்; அந்தக் கணக்குப்படி நேற்று, புதன் இரவு, இருபது புள்ளி ஆறு வந்திருக்க வேண்டும். எல்லா வெடிப்பும் ஏறக்குறைய அப்படித்தான் ஒழுங்காக, அடங்கிய பிள்ளையாக மங்கும். நேற்று மலைமேல் மாசி மாதத்து மூட்டம், காற்று வேறு. நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்காமல் ஈரத் தாளில் பட்ட மைபோல் பரவிக் கிடந்தன. திரையில் பின்னொளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஒளியைக் கூட்டினால் எண் வந்துவிடும். பரவிக் கிடந்ததால் வட்டத்தை வழக்கத்தைவிட அகலமாகப் போட்டாள். கடுங்காப்பியோடு பின்னால் நின்ற தேவநேசனும் எட்டிப் பார்த்து, "சரிதான், அம்புட்டு அகலம் வேணும்" என்றார். வந்த எண் பத்தொன்பது புள்ளி ஏழு. மங்க வேண்டியது மங்கவில்லை. முந்தின நாளைவிட ஒளி ஏறியிருந்தது. செத்தது மறுபடி கண்ணைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது பூங்கோதைக்கு. உடம்பெல்லாம் சிலிர்த்தது, இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. இப்படி ஏறுவது அபூர்வம். ஏறியது ஏன் என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்ளும், உடைத்துக்கொள்கிற ஒவ்வொருவரும் முதலில் பார்த்தது யார் என்று ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அதற்கு வெடிப்புக்காரர்கள் எல்லாருக்கும் போகிற ஒரு சுற்றறிக்கை போதும். நாலு வரி. அனுப்பிய நிமிஷமே அதற்கு ஒரு வரிசை எண் விழுந்துவிடும், யாராலும் திரும்ப எடுக்க முடியாது. காலையிலேயே அனுப்பிவிடலாம் என்றாள். அவர்தான், "அவசரம் வேண்டாம் கோதை, சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்" என்றார். ஏன் கிடக்க வேண்டும்? சாயங்காலத்துக்குள் வேறு எவனாவது பார்த்துவிட்டால்? அது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் மாமரத்தடியில் நின்று யாரோடோ பத்து நிமிஷம் பேசினார், இவள் வருவதைப் பார்த்ததும் "சரி, பெறகு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார். பிறகு கூப்பிடுகிற அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சந்தேகம் அவளுக்கு அப்பா வழிச் சொத்து. திருவாரூரில் அப்பா சிலிண்டரை எடை போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார்; பேருந்தில் பின்னால் எவனும் உட்காரக்கூடாது என்று கடைசி இருக்கைக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி ஊர் வந்து சேர்வார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சின்ன வயசில் பூங்கோதையும் சேர்ந்து சிரித்தவள்தான். எட்டாம் வகுப்பில் கண்காட்சி வந்தது, அதோடு சிரிப்பு போயிற்று. சைக்கிள் டைனமோவையும் பழைய பூதக்கண்ணாடியையும் வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து அவள் செய்த விளக்கை, கலெக்டர் வருகிற அன்றைக்கு, இங்கிலீஷ் நன்றாக வரும் என்று வேறொரு பெண்ணை நிறுத்தி விளக்கச் சொன்னார்கள். பூங்கோதை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து டைனமோவைச் சுற்றினாள். அவர்கள் கைதட்டியது மேஜைப் பலகை வழியாக அவளுக்குக் கேட்டது. அந்தப் பெண்மேல் கோபமில்லை, அவள் பேர்கூட மறந்துவிட்டது. சுற்றின கை வலித்தது மட்டும் மறக்கவில்லை. அப்புறம் எட்டு வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் கோதண்டபாணி. அதுவும் ஒரு வெடிப்புதான், அதுவும் பின்னொளிதான். பனியில் பதினோரு ராத்திரி அவள் உட்கார்ந்து அளந்தாள். கட்டுரை வந்தபோது மேலே இரண்டே பெயர்: கோதண்டபாணி, தேவநேசன். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், உதவியவர்களுக்கு நன்றி என்கிற பொடி எழுத்தில், தொலைநோக்கி அறைக்கு மின்சாரம் பார்த்தவருக்கு அடுத்து இருந்தது. தேவநேசன் அன்றைக்குக் கேண்டீனில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "விடுங்க கோதை, அடுத்தது வரும்" என்றார். வாயைத் திறந்து பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எட்டு வருஷத்தில் அவர் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு டீயையும் பூங்கோதை, இது எதற்கு என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். நல்ல மனுஷர்தான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதுதான் பயம். கெட்டவன் என்றால் ஒரு கண்ணை அவன்மேல் வைத்திருக்கலாம், நல்லவர்களை எங்கே வைத்துப் பார்ப்பது? நாற்பத்துமூன்று வயதாகிவிட்டது. அடுத்தது வரும் என்றது வந்திருக்கிறது, நேற்று ராத்திரி வந்தது. அவள் போட்ட வட்டத்துக்குள் வந்து விழுந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, அவள் பெயர் முதலில் இருக்க வேண்டும். இது பேராசையா? பேராசைதான் என்றே வைத்துக்கொள்ளட்டும். அலமாரிக் கதவில் வெயில் கீற்று ஒரு விரல் நகர்ந்திருந்தது. கூரைத் தகரத்தில் குரங்கு ஒன்று ஓடி நின்று மறுபடி ஓடியது.

காலடிச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால், விடுதியில் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள், ஆனால் இந்தக் கால் பூனைபோல நடந்தது. வராந்தாவில் வந்து, ஐந்தாம் எண் அறையைத் தாண்டி, அவள் கதவுக்கு வெளியே நின்றது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு நிழல்கள். பூங்கோதை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்துக்கொள்கிறோம், நம் அறையில் நாம் மூச்சு விடக்கூடாதா என்று தோன்றியும் விடவில்லை. தட்டப்போகிறார். தட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார். கூப்பிடவில்லை. பத்து எண்ணுகிற நேரம் அந்த நிழல்கள் அப்படியே நின்றன, பிறகு வந்த மாதிரியே போயின. தூங்கிவிட்டாளா என்று உறுதி செய்துகொண்டு போகிறார்! வேறு எதற்கு ஒரு ஆள் கதவடியில் வந்து காதை வைத்துக்கொண்டு நிற்பார்? படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். மலைக்கு வருகிற இணையம் நூல் கனம்தான், ஆனாலும் மின்னஞ்சல் பார்க்கிற அளவுக்கு எப்போதும் இருக்கும்; இப்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பக்கம் திறக்கவேயில்லை. யாரோ மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இந்த வளாகத்தில் விழித்திருப்பது யார்? பச்சையம்மா, காவல்காரர், அப்புறம் அவர். பச்சையம்மா இணையத்தில் என்ன செய்யப்போகிறாள்? படங்களை அனுப்புகிறார். நேற்று ராத்திரிப் படங்கள், ஒவ்வொன்றும் பெரிசு, அதைத்தான் நூல் வழியாக யானையை இழுக்கிற மாதிரி இழுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார். மாமரத்தடி ஆளுக்குத்தான், வேறு யாருக்கு? எல்லாம் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று பார்த்து அவளுக்கு ஒரு பக்கம் பயமாகவும் ஒரு பக்கம், வெட்கக்கேடு, சந்தோஷமாகவும் இருந்தது. நான் நினைத்தது சரி என்கிற சந்தோஷம். தன் கைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்தாள். ஜன்னலோரம் சிக்னல் ஒரு கோடு கிடைத்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கல்யாண மண்டபத்துப் பழைய புகைப்படக்காரர் மாதிரி குனிந்து நின்றபடி எழுதினாள். திங்கட்கிழமை வெடிப்பின் பின்னொளி நேற்று எதிர்பார்த்தபடி மங்காமல் பத்தொன்பது புள்ளி ஏழுக்கு ஏறியிருப்பதை நான் கண்டேன். பெரிய தொலைநோக்கிகள் உடனே பார்ப்பது நல்லது. மேலே பெயர் போடுகிற இடம். பூங்கோதை என்று போட்டாள். காற்புள்ளி போட்டாள். காற்புள்ளிக்குப் பிறகு விரல் நின்றது. அவர் பெயரைப் போட்டால் என்ன? இரண்டாவதாகத்தானே? போட்டால் உலகம் அவரைத்தான் கூப்பிடும், அவரைத்தான் தெரியும் அவர்களுக்கு. காற்புள்ளியை அழித்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: தொலைநோக்கியில் உடனிருந்து உதவிய தேவநேசனுக்கு நன்றி. எழுதும்போதே தெரிந்தது தான் என்ன செய்கிறோம் என்று. கோதண்டபாணியும் இப்படித்தான் ஒரு மத்தியானத்தில், யாரும் பார்க்காதபோது எழுதியிருப்பார். இருக்கட்டும், தெரிந்து செய்கிற பாவம் ஒன்றாவது இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டாள். மூன்று நாற்பது. ஒரு நிமிஷத்தில் சுற்றறிக்கைக்கு எண் விழுந்தது.

நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு நிம்மதி வந்து எத்தனை நாளாயிற்று என்று வியந்தபடி படுக்கையில் விழுந்தாள். இனி அவர் பார்த்துக்கொள்ளட்டும், எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். முகத்தில் எப்படி ஒரு மாற்றம் வரும் அவருக்கு? எட்டரைக்குத் தொலைநோக்கி அறையில் பார்க்கும்போது என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லமாட்டார், டீ கொண்டுவந்து கொடுப்பார். கொடுக்கட்டும், குடித்தால் போயிற்று. மெஸ்ஸிலிருந்து கடுகு தாளிக்கிற வாசனை வந்தது, சாயங்காலத்துக்குப் பச்சையம்மா எதையோ தொடங்கிவிட்டாள். ஊரில் இளவழகனிடம் சொல்ல வேண்டும். புருஷனிடம் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், ஆனால் எண் கூடினால் குறைச்சலா, குறைச்சலா கூடுதலா என்று பதினாறு வருஷமாகக் கேட்கிற கேள்வியை மறுபடியும் கேட்பார். பாவம். கை கால் எல்லாம் கனத்தது, தூக்கம் கால் வழியாக ஏறியது. சுவரில் சுவிட்ச் பலகையில் இரண்டு சிவப்பு விளக்குகள், கொசுவிரட்டிக்கு ஒன்று, வெந்நீர்க் கொதிகலனுக்கு ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் கண் சிமிட்டாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கொதிகலனை அணைக்க மறந்துவிட்டோம். கிடக்கட்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தாள். இரண்டு விளக்கும் ஊறிப் பரவி ஒரே விளக்காயிற்று, பெரிசாக, கொழகொழவென்று, முன்னைவிடப் பிரகாசமாக. நல்ல சிவப்பு. ஒரு விளக்கை அணைக்க வேண்டும் என்று இருந்தோமே, எதை? ஒன்றுதானே இருக்கிறது. கண் சொருகியது. ஒன்றுதான் இருக்கிறது என்று மறுபடி நினைத்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டாள். இரண்டு. கழற்றினாள். ஒன்று. போட்டாள். திங்கட்கிழமைப் படத்தில், நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகத் தெளிந்திருந்த அந்த முதல் ராத்திரியில், பின்னொளிக்கு மேல் வலப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு பொடி நட்சத்திரம் இருந்தது. இருந்ததா? இருந்தது. வட்டத்தைச் சின்னதாகப் போட்டு அதைத் தவிர்த்தது அவள்தான், செவ்வாய்க்கிழமையும் தவிர்த்தாள். நேற்று மூட்டத்தில் இரண்டும் பரவி ஒன்றாகிவிட்டது. அகலமான வட்டத்துக்குள் மங்கிய பின்னொளியோடு அந்தப் பொடியனும் வந்து உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேர் ஒளியையும் கூட்டிவிட்டு, செத்தது கண்ணைத் திறந்தது என்று சிலிர்த்தாளே! காலையிலிருந்து நேசனைச் சந்தேகப்பட்டாள், மாமரத்தைச் சந்தேகப்பட்டாள், கதவடி நிழலைச் சந்தேகப்பட்டாள், இணையம் மெதுவாகப் போனதைச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள், அந்த ஒரு வட்டத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அது அவள் போட்டது. மணி நாலு ஐந்து. செருப்பைத் தேடாமலே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

வெளியே வெயில் கண்ணில் அறைந்தது. விடுதிக்கும் கணினி அறைக்கும் நடுவே சரளைக்கல் பாதை, வெறுங்காலில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சுற்றறிக்கை எல்லார் கைபேசிக்கும் போகும், அவர் கைபேசிக்கும் போயிருக்கும், நன்றி என்கிற அந்த வரியையும் படித்திருப்பார். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். மாட்டிக்கொண்டாள் பார் என்று. பிழை என்று அவருக்கு முதலிலேயே தெரிந்து, வேண்டுமென்றேதான், நான் விழட்டும் என்றுதான் சும்மா இருந்தாரோ? ஓடிக்கொண்டே அதையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள் பூங்கோதை, மூச்சு வாங்கியும் அதை நினைக்க இடமிருந்தது. அறையில் அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைபேசி திறந்து கிடந்தது, அவளுடைய நாலு வரிதான் அதில். திரையில் வானத்தின் ஒரு துண்டு, வெடிப்புக்குப் பல வருஷம் முன்னால் வேறு யாரோ எடுத்த பழைய படம். பின்னொளி இல்லை, அதற்கு மேல் வலப்பக்கம் இருந்த பொடி நட்சத்திரம் மட்டும் தனியாக நின்றது. இணையத்தை உறிஞ்சியது இதுதான். அவர் எதையும் அனுப்பவில்லை, வரவழைத்திருக்கிறார்.

"வந்துட்டீங்களா" என்றார் தேவநேசன், திரும்பாமலே. "மூணு மணிக்கு எழுப்பலாம்னுதான் வந்தேன். சத்தத்தையே காணும், உறங்குதீங்கன்னு திரும்பிட்டேன்."

"எவ்வளவு வருது?"

"இருபது புள்ளி ஆறு. பக்கத்துல நிக்கறவனக் கழிச்சுட்டா நேரா கோட்டு மேல வந்து உக்காருது. ஒழுங்காத்தான் மங்கிட்டு இருக்கு, கோதை."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பாட்டுலயே சொல்லியிருக்கலாமே நீங்க."

"அப்பம் எனக்கே நிச்சயமில்லலா? வெறும் சந்தேகத்த வச்சு எப்படிச் சொல்ல? காலைல இருந்து உங்க மொகம் எப்பிடி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. இத்தன வருசத்துல நான் அப்படிப் பாத்ததில்ல. அதக் கெடுக்க முன்ன ஒரு தடவ சரி பாத்துருவம்னு நெனச்சேன். மாமரத்தடில போன்ல கேட்டதும் இந்தப் பழைய படத்தத்தான்." கைபேசியை அவள் பக்கம் தள்ளினார். "ஹவாய்க்காரன் ஒருத்தன் ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கான். அங்க இப்பம் நடுராத்திரி. கையில இருந்த வேலய நிறுத்திட்டு பெரிய தொலைநோக்கிய நம்ம பக்கம் திருப்புதானாம். திருத்தத்த இப்பமே அனுப்பணும்."

கடிதத்தில் முதல் வரியே 'டாக்டர் பூங்கோதைக்கு வாழ்த்துகள்' என்று இருந்தது. அவள் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. உட்கார்ந்து தட்டினாள். நேற்றைய அளவில் அருகிலுள்ள நட்சத்திரத்தின் ஒளியும் சேர்ந்துவிட்டது, சரியான அளவு இருபது புள்ளி ஆறு, பின்னொளி ஏறவில்லை, தொலைநோக்கிகளைத் திருப்ப வேண்டாம். இதுவும் எண் விழுந்து என்றைக்கும் கிடக்கும், அவள் பேரன் பேத்தி தேடினாலும் கிடைக்கும். தேவநேசன் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என் பேரையும் போடுங்க" என்றார்.

பூங்கோதையின் விரல்கள் நின்றன. கண்டுபிடிப்பில் பெயர் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறாள், அதற்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கவும் செய்திருக்கிறாள். பிழைத்திருத்தத்தில் பெயர் கேட்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை. என்ன இது? ஓ, பிழையைப் பிடித்தது தான்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதானே? அவள் விழுந்தாள், அவர் தூக்கிவிட்டார் என்று நாளைக்குப் பெங்களூர்த் தலைமையகத்தில் பேசிக்கொள்வார்கள். அப்படித்தான், வேறு என்ன இருக்க முடியும் என்று அவள் மனசு பழைய பாதையில் தானாகவே ஓட ஆரம்பித்தது.

"எந்த இடத்துல போடணும்?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"திருத்துனவன்னு வேண்டாம். அளந்தவங்க பேரு வருமே, அந்த எடத்துல. வட்டம் சரின்னு சொன்னது நான்லா? ரெண்டு பேருந்தான அளந்தோம்."

"அளந்தோம்னு முதல்ல அனுப்பும்போது நான் உங்களைச் சேக்கல, நேசன்."

"பாத்தேன்."

"அப்புறம் தப்புல மட்டும் எப்படிச் சேக்கறது?"

"தனியா உக்காந்து திட்டு வாங்க உங்களுக்குத் தெம்பு இருக்கா? எனக்கெல்லாம் இல்லப்பா. ரெண்டு பேரா இருந்தா கொஞ்சம் கொறயும்."

அவள் திரையையே பார்த்தாள். எழுத்துகள் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எட்டு வருஷமாகச் சொல்லாததை, சொல்லவே கூடாது என்று பல்லைக் கடித்து வைத்திருந்ததை, கடைசியில் சொன்னாள்.

"நான் உங்களை நம்பல, நேசன். இன்னிக்கு மட்டும் இல்ல."

"தெரியும்" என்றார் அவர். "ரொம்ப வருசமாத் தெரியும். நம்பாம இருக்கதுக்கு நானும் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்லா. கோதண்டபாணி சார்கிட்ட அன்னைக்கு வாயத் தொறந்திருக்கணும். பயந்துட்டேன். சரி, ஹவாய்க்காரன் காத்துக்கிட்டு இருக்கான், பேரப் போட்டு அனுப்புங்க."

பூங்கோதை தன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரைத் தட்டினாள். 'அளந்தேன்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'அளந்தோம்' என்று மாற்றினாள், மூன்று இடம் இருந்தது. தெரிந்தே இத்தனை வருஷம் இந்த மனுஷர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தான் ஒவ்வொரு டீயையும் உற்றுப் பார்த்தது தெரிந்தே அடுத்த டீயைக் கொண்டுவந்திருக்கிறார். அனுப்பு என்பதை அழுத்தினாள். சுற்றறிக்கைக்கு எண் விழுகிற வரை இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவள் திரையைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டில் ஒரு சிரிப்பு இருக்கிறதா, கண்ணில் ஒரு ஜெயித்த களை இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். இவ்வளவுக்கும் பிறகும் தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.